பெரிய திரையில் ஒரு கை

எதிராளியின் கால் தன் மாணவி யேசுலின் தலையில் படவே இல்லை என்று பியோ மாஸ்டர் அடித்துச் சொன்னார். டேக்வாண்டோவிலேயே ஊறியவர் கண்ணுக்குத் தெரியாததா நடுவருக்குத் தெரிந்துவிடும்? கோச்சுக்கான நாற்காலியிலிருந்து எழுந்து, வீடியோவைப் போட்டுப் பார்க்கச் சொல்லி அட்டையைத் தூக்கிவிட்டார்.

சும்மா விடக்கூடிய ஆட்டமும் இல்லை. கொரியாவின் தேபேக் நகரில் நடக்கும் தேசியப் போட்டியின் கால் இறுதி. ஜெயித்தால் யேசுலுக்கு வெண்கலமாவது நிச்சயம், பதக்கம் இருந்தால் பல்கலைக்கழகத்தில் இடம். பள்ளியில் அவளுக்கு இது கடைசி வருஷம். ஆட்டத்தின் மூன்று சுற்றில் முதலாவதை ஜெயித்திருந்தாள்; இது இரண்டாவது.

திரையில் காட்சி மெதுவாக ஓடியது. எதிராளியின் கால் இன்னும் தரையில்தான் இருந்தது. ஓரத்து நாற்காலியில் ஒரு கை ஓங்குகிறது. அவருடைய கைதான். யேசுலின் கண் எதிராளி மேல் இல்லை, அந்தக் கை மேல். தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை இறுக மூடுகிறாள். அதற்கப்புறம்தான் எதிராளியின் கால் கிளம்பி, நிதானமாக வந்து, அவள் தலைக்கவசத்தில் பட்டது.

ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை போட்டார்கள்.

"அடப்பாவமே, அந்தப் பொண்ணு கோச்சைப் பாத்துல்ல பயப்படுது!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

பியோவுக்குக் காது மடல் எரிந்தது. கேட்டு வாங்கிய அவமானம். "பயம் இருந்தாத்தான் கால் வேகமா வரும்" என்று பத்தொன்பது வருஷமாக ஊரெல்லாம் அளந்தவர். யாரிடம் பயம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

இரண்டாம் சுற்று பறிபோனது. இடைவேளை ஒரு நிமிடம். யேசுல் ஓடி வந்தாள், ஆனால் உட்காரவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் குனிந்து நின்றாள். கவசத்தின் மேல் அடித்தால் உறைக்காது என்று அவரே போட்ட சட்டம் அது. நடுவர் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போட்டுக்கோம்மா." அந்த 'ம்மா' அவர் வாய்க்கே புதிது. கவசத்தை வாங்கி அவரே மாட்டினார். மோவாய்க்குக் கீழே வாரை இறுக்கினார். "நான் எதுவும் சொல்லல. அவளை மட்டும் பாத்து ஆடு."

"சரிங்க மாஸ்டர்."

நடுவர் கூப்பிட்டார். அவள் நகரவில்லை.

"அப்ப அடி லாட்ஜுக்குப் போனப்புறமா, மாஸ்டர்?" என்று மெல்லக் கேட்டாள். "இப்பவே சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா ஆடிடுவேன்."