உட்கார்ந்திருந்த சாட்சி

ரங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்து அம்மன் கோயிலின் பின்புறம், சாப்பாட்டுக் கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு மனிதர் வெளிப்பட்டார். எலும்பாகத்தான். ஆனால் படுத்திருக்கவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்திருந்த இடத்தில் உத்திராட்சம் கிடந்தது. வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் 'சித்தர், சித்தர்' என்று தெருவே திரண்டுவிட்டது.

தர்மகர்த்தா தனசேகரன் வந்தார். பர்மாக்காரர்கள் பெரிய மனிதர்களுக்குப் போடும் 'ஊ'வைச் சேர்த்து 'ஊ தனசேகரன்' என்றால்தான் திரும்பிப் பார்க்கிறவர். குழியை எட்டிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எங்க தாத்தா! இந்தக் கோயிலக் கட்டுன பொன்னுத்துரை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோயிலுக்கு நூறாவது வருஷம் நடக்கிற நேரம். கட்டியவர் சித்தராகவும் ஆகிவிட்டால் கசக்கவா செய்யும்?

மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்த கமலாட்சிக்குச் செய்தி கடைக்கே வந்தது. 'உட்கார்ந்தபடி' என்று கேட்டதும் அவள் கையிலிருந்த நார் நழுவியது. அவள் குடும்பத்தில் இறந்தவர்களை எரிக்கும் வழக்கமில்லை. விபூதி பூசி, உத்திராட்சம் போட்டு, சம்மணமிட்டு உட்கார வைத்துத்தான் புதைப்பார்கள். அவளுடைய பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா சுப்பிரமணியத்தை அப்படிக் கோயிலுக்குப் பின்னால்தான் புதைத்தார்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அந்தச் சுப்பிரமணியம்தான் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, இந்தக் கோயிலை ஆரம்பித்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கமலாட்சியின் தாத்தா கோயில் சாவியைப் பக்கத்துக் கடைக்காரர் பொன்னுத்துரையிடம் ஒப்படைத்துவிட்டு, காட்டுவழியே இந்தியாவுக்கு நடந்தார். சண்டை முடிந்து திரும்பி வந்து கேட்டால், "எந்தச் சாவி?" என்றார் பொன்னுத்துரை. புதைத்த மேடும் தரைமட்டமாகியிருந்தது. விவரம் தெரிந்தவர்களெல்லாம், பர்மா சர்க்கார் கடைகளைப் பிடுங்கிக்கொண்ட அறுபத்து நாலில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

கமலாட்சி தாவணி போட்டிருந்த காலத்தில் ஒரு திருவிழா. கோயிலைக் கட்டியவரின் வாரிசுக்கு முதல் மரியாதையாக அம்மன் பட்டைத் தலையில் சுற்றுவார்கள். பரிவட்டம் என்று பெயர். அதற்கு அவள் அப்பா விநாயகமூர்த்தி முன்னால் போய்த் தலையைக் குனிந்தார். அப்போது இளவட்டமாக இருந்த தனசேகரன் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். "ஒம் பாட்டன் பூட்டன் கட்டுனான்னா சாட்சியக் கூட்டிக்கிட்டு வாய்யா" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பா கீழே விழுந்த துண்டைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்தார். சாகும்வரை அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. கமலாட்சி மட்டும் போனாள். கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பக்தியினால் அல்ல. அந்த முகத்தை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் வெறுப்பு ஆறாமல் இருக்கும்.

தம்பி சிவராஜ் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். கோயில் விசேஷங்களுக்கும் அவன்தான்.

"அக்கா, இப்பவே லூஜிங்ககிட்டச் சொல்லிடுவோம்" என்றான். கோயில் பெரியவர்களைத்தான் அப்படிச் சொன்னான்.

"சொன்னா?"

"கூப்பிட்டு வச்சுப் பேசுவாங்க."

"பேசிட்டுத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிடுவாங்க. அப்பாவ நாலு செவுத்துக்குள்ளயாடா தள்ளுனாங்க? ஊரு பாக்கத்தான தள்ளுனாங்க. இதையும் ஊரு பாக்கட்டும்."

"எப்படிக்கா நம்புவாங்க?"

"நான் ஏண்டா வாயத் தொறக்கணும்? அந்தாளே சொல்லுவாரு. அவருகிட்ட இருக்கிறது ஒரே ஒரு பேச்சு."

அது உண்மைதான். திருவிழா மேடையில் மைக் கிடைத்துவிட்டால் தனசேகரன் தன் தாத்தாவின் சாவுக்குப் போய்விடுவார். ஆற்றுக்கு அந்தப்புறம் த்வாண்டே ஊரிலிருந்து படகு படகாக வந்த சனம், கப்பலில் வந்த சந்தனக்கட்டை, எரிந்த வாசனை அக்கரை வரைக்கும் போனது, எல்லாம் வரும். பந்தியில் என்ன கறி என்று யோசித்தபடி சனங்கள் அரைக் காதில் கேட்பார்கள். இளசுகளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். சொல்லுக்குச் சொல் கேட்கிற ஒரே ஆள் கமலாட்சி. வயிற்றெரிச்சலோடு கேட்கிறவளுக்கு எது தப்பும்?

எலும்புகளைத் திரும்பப் புதைத்து, மேலே சலவைக்கல் பதித்து, பொன்னுத்துரை என்று பெயர் வெட்டினார்கள். அதைப் பார்த்தபோது கமலாட்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பூட்டனுக்கு மட்டும் மாலையை நெருக்கமாகக் கட்டினாள்.

திதி கொடுக்கும் நாள். காலையிலேயே தெரு நிறைந்துவிட்டது. தலையில் பரிவட்டத்தோடு தனசேகரன் சமாதி முன்னால் உட்கார்ந்தார். குருக்கள் அவர் விரலில் தர்ப்பையைப் போட்டு, பிண்டம் பிடிக்க வைத்தார். எள்ளும் தண்ணீரும் விடுவதற்கு முன்னால் தனசேகரன் மைக்கைக் கேட்டார். நூறு வருஷம் என்றார், சித்தர் என்றார், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போகணும் என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சந்தனக்கட்டைக் கதை வரவில்லை. கமலாட்சிக்குப் பகீரென்றது. என்ன ஏது என்று யோசிக்காமல் மாலையும் கையுமாக எழுந்துவிட்டாள்.

"அண்ணே, சந்தனக்கட்டைய விட்டுட்டீங்களே! தாத்தா கதைன்னா அதுதானண்ணே!"

"ஆமா, ஆமா" என்றது கூட்டம். தனசேகரன் முகம் பூத்துவிட்டது. மைக்கை மறுபடி வாங்கினார். வழக்கத்தைவிடக் கூட்டியே சொன்னார்.

"சந்தனத்துலயே எரிச்சோம்! எங்கப்பா சாம்பச்சட்டியத் தலையில தூக்கிட்டுப் போயி இந்தத் துறையிலதான் கரைச்சாரு. ஒரு பொட்டு எலும்பு மிச்சமில்ல!"

"ஒரு பொட்டுக்கூடவா மிச்சமில்ல?"

"இல்லம்மா! எல்லாம் ஆத்தோட போச்சு!"

"அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாருண்ணே?"

தனசேகரன் வாயைத் திறந்தார். அவர் எச்சில் விழுங்கியது மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது.

"சாட்சியக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னீங்க எங்கப்பாவ. நடந்து வர முடியாதவரு, அதான் இம்புட்டு நாளாச்சு" என்றாள் கமலாட்சி. "எரிக்கிறவங்க நீங்க. உக்கார வச்சுப் பொதைக்கிறவங்க நாங்க. இங்க யாருக்குத் தெரியாது?"

"வாஸ்தவம்தான்" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். "விநாயகமூர்த்திய உக்கார வச்சுத்தான் தூக்கிட்டுப் போனோம். நானும் தோள் குடுத்தேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் நாலு பேர். அப்பாவைத் தள்ளிய அன்று கேட்ட அதே சிரிப்பு. கமலாட்சிக்கு அது தேனாக இனித்தது.

தனசேகரன் எழுந்திருக்கப் பார்த்தார். குருக்கள் அவர் கையைப் பிடித்து அமுக்கினார்.

"பிண்டம் பிடிச்சாச்சு. பாதியில எந்திரிக்கக் கூடாது, தோஷம்." பிறகு மைக்செட் பக்கம் பார்த்தார். "வேணும்னா வாரிசு வந்து உக்காரட்டும்."

சிவராஜ் ஓர் அடி எடுத்து வைத்தான். கமலாட்சி கையை நீட்டித் தடுத்தாள்.

"வேண்டாம் சாமி. மரியாதைய எடுத்துக்கிட்டவரே முடிக்கட்டும். பேர மட்டும் சரியாச் சொல்லட்டும்."

தனசேகரன் சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் அவருக்காக வாயைத் திறக்கவில்லை. பரிவட்டம் சரிந்து காதில் தொங்கியது. உள்ளங்கையில் எள்ளை எடுத்தார்.

"சுப்பிரமணியம்..." என்று முனகினார்.

பாவம் என்று தோன்றுகிறதா என்று கமலாட்சி தன்னையே ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். துளியும் தோன்றவில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

"தம்பி, சத்தத்தைக் கூட்டு" என்றாள். "அப்பா இருந்த தெரு வரைக்கும் கேக்கணும்."

சிவராஜ் கூட்டினான். தனசேகரன் மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார். துறையில் படகுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.