கன்னி மூலை விரிசல்

உமேஷ் அன்றைக்குச் செய்ததெல்லாம் ஒரே ஒரு 'ச்சு' கொட்டியதுதான். ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டின் படுக்கையறையில், தென்மேற்கு மூலையில், பரணுக்குக் கீழே தொடங்கிச் சாய்வாக மூன்றடி இறங்கியிருந்த விரிசலைப் பார்த்தான். விரல் நகத்தை அதில் வைத்து இழுத்தான். பிறகு 'ச்சு' என்றான். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் பத்ரிநாராயணனின் முகம் சுருங்கிப் போயிற்று.

"என்ன சார், சீரியஸா?"

"அஸ்திவாரம் எறங்கியிருக்குமோன்னு தோணுது சார். கன்னி மூலை வேற."

உமேஷுக்கு வாஸ்துவில் துளி நம்பிக்கையும் கிடையாது. பதினான்கு வருடமாக ஒரு கட்டுமான நிறுவனத்தில் இன்ஜினியர். கன்னி மூலையை வேண்டுமென்றேதான் சேர்த்தான். அந்த மனிதரின் பூஜையறையைத் தாண்டித்தானே உள்ளே வந்தான்? எந்தச் சொல் எங்கே தைக்கும் என்று தெரியாதா?

வெட்கக்கேடு இதோடு நிற்கவில்லை. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவன் வீட்டுக்குப் பின்பக்கம் போயிருந்தான். படுக்கையறைச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒன்றரை அடிச் சந்து. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் உடைந்த பூந்தொட்டிகளும் கிடந்தன. வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து, அந்தச் சுவரை அடியிலிருந்து நுனிவரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டான். ஒரு கீறல் இல்லை. அஸ்திவாரம் இறங்கினால் சுவர் முழுக்கப் பிளந்து வெளிப்பக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருந்தது வெறும் பூச்சு விரிசல். பரணில் முப்பது வருடச் சாமானை ஏற்றினால் அந்த அளவுக்காவது பூச்சு முனகத்தான் செய்யும். சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசினால் ஒரு நாள் வேலை.

அவனும் மனைவி சின்மயியும் அஸ்தினாபுரத்து வாடகை வீட்டிலிருந்து ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளம்பி, இதையும் சேர்த்துப் பதினேழு வீடு பார்த்திருந்தார்கள். லோன் எட்டுகிற வீட்டுக்குத் தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருக்கிற வீட்டுக்குப் பத்திரம் சரியிருக்காது. புரோக்கர் சிவகுமார் முதல் நாளே பாடம் எடுத்துவிட்டார்: "சார், பொண்ணு பாக்கப் போனா பஜ்ஜி நல்லாருக்குன்னு சொல்லலாம். வீடு பாக்கப் போனா எதையும் நல்லாருக்குன்னு சொல்லிடாதீங்க. மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்குங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." இந்தப் பக்கத்தில் வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். வாசலில் காலை வைத்ததும் மூக்கைச் சுளிப்பார்கள். விற்கிறவரும் அதற்கு இரண்டு லட்சம் ஏற்றி வைத்திருப்பார். இரண்டு பேருக்கும் தெரிந்த நாடகம்.

பத்ரிநாராயணனுக்கு அந்த நாடகம் தெரிந்திருக்கவில்லை. டெலிபோன்ஸில் ரிட்டயர் ஆனவர், மனைவி போன பிறகு புனேயில் மகனோடு இருக்கப் போகிறார். அவர் பாட்டுக்கு வீட்டின் குறைகளை ஒவ்வொன்றாகத் தாமே காட்டிக்கொண்டு வந்தார். சமையலறை ஜன்னல் சன்ஷேடில் கம்பி துருவேறித் தெரிகிறது, பாத்ரூம் தளம் உள்வாங்கியிருக்கிறது, பின்கதவு நிலையில் கரையான், ஒயரிங் மொத்தமும் மாற்றவேண்டும். "இதுக்கெல்லாம் சேர்த்துத்தான் தொண்ணூத்திரண்டுன்னு கொறச்சுச் சொல்றேன். நாளைக்கு நீங்க வந்து 'பத்ரி ஏமாத்திட்டான்'னு சொல்லப்படாது." அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் போன ஒரே குறை, இல்லாத குறை.

அவர்களுக்கு எண்பத்தி மூன்று லட்சத்துக்கு மேல் ஒரு பைசா புரளாது. உமேஷ் எண்பத்தி மூன்று என்றான். பத்ரிநாராயணன் ஒரு நாள் அவகாசம் கேட்டார். திங்கள் காலை போன் செய்து, "சரி சார். ரிப்பேர்தானே செலவு, என்ன பண்றது" என்றார். அந்தக் குரலில் இருந்த தளர்ச்சி விலைக்காக இல்லை என்பது உமேஷுக்கு அப்போது உறைக்கவில்லை.

"நிஜமாவே ஃபவுண்டேஷன் ப்ராப்ளமா உமேஷ்? பயமா இருக்கு" என்றாள் சின்மயி.

"ஒண்ணுமில்ல. பூச்சுதான்."

அவள் அவனையே பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அடப்பாவி" என்றாள். அதில் பெருமை இருந்தது. அவனுக்கும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அட்வான்ஸ் கொடுக்க வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் போனார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே செக். வீட்டுக்குள் ஒருவர் ஊன்றுகோலோடு சுவரோரமாக நின்றிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை.

"இவன்தான் எத்திராஜ். மேஸ்திரி. இந்த வீட்டக் கட்டினவன்" என்றார் பத்ரிநாராயணன், அவர் முகத்தைப் பார்க்காமல். "முப்பத்து மூணு வருஷம், தெருவுல யார் வீடு கட்டினாலும் இவன்கிட்ட குடுங்கோன்னு கைபிடிச்சு அனுப்பியிருக்கேன். கன்னி மூலையில கை வெச்சுட்டான்."

எத்திராஜ் படுக்கையறைக்குள் போய்ப் பூச்சுக் கரண்டியின் கைப்பிடியால் விரிசலை ஒட்டி மேலிருந்து கீழாகத் தட்டினார். காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். அவர் நெற்றியில் ஒரு குழப்பம் தெரிந்தது. தட்டுகிற சத்தம் ஒன்றும், இன்ஜினியர் சொல் வேறொன்றும் சொல்கிறதே என்ற குழப்பம்.

"சார், வெளிப்பக்கம் பாத்தீங்களா? எனக்குச் சாரத்துலேர்ந்து வுழுந்து கால்ல ராடு வெச்சுகீது. அந்தச் சந்துல பூந்து போவ முடியாது. வெளியவும் வெடிச்சுகீதா?"

இப்போது சொல்லியிருக்கலாம். இல்லை மேஸ்திரி, வெளியே ஒன்றுமில்லை, பூச்சுதான் என்று ஒரு வரி. தட்டில் செக் இருந்தது. சின்மயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உமேஷ் தலையை ஆட்டினான். ஆமாம் என்று.

'ச்சு' கொட்டியது நாடகம் என்று வைத்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. இது சுத்தமான பொய். தலையை ஆட்டி முடிப்பதற்குள்ளேயே அவனுக்கு அது தெரிந்துவிட்டது.

எத்திராஜ் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ என் தப்புதான் சார்" என்றார் பத்ரிநாராயணனிடம். "அந்த மூலைல தோண்டச் சொல்லோ களிமண்ணு வந்துச்சு. ரெண்டடி கூடத் தோண்டி மணல் ரொப்பித் தண்ணி வுட்டேன். பத்தல போலகீது. மூணு அடி தோண்டியிருக்கணும்."

அப்படிப் பார்த்துப் பார்த்துத் தோண்டியதால்தான் 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோதும் அந்த வீடு மயிரிழை அசையவில்லை. உமேஷுக்கு அது தெரியும். செய்த நல்ல வேலையையே அந்த மனிதர் குற்றமாக எடுத்து ஒப்படைத்துக்கொண்டிருந்தார்.

எத்திராஜ் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார். விரல் நீளம், மெல்லியது. விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் குழைத்து அப்பினார். பென்சிலால் பக்கத்தில் தேதி போட்டார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உமேஷுக்கு இது கல்லூரியிலேயே தெரிந்த பாடம்தான்.

"பத்திரப் பதிவுக்கு இன்னும் ஒரு மாசம் கீதுல்ல? அதுக்குள்ள கண்ணாடி ஒடஞ்சுச்சுன்னா அஸ்திவாரத்த நானே எடுத்துக் கட்டிக் குடுத்துடறேன். காசு வேணாம். உங்களுக்கோசரம் இல்ல சார், இவருக்கோசரம்."

பத்ரிநாராயணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் சிவகுமார் போனில் வேறு ஏதோ பேசும்போது போகிற போக்கில் சொன்னார். அதே தெருவில் கோடி வீட்டு பியூலா டீச்சர் மாடி கட்டுவதை எத்திராஜின் மகன் அன்புவிடம் பேசி முடித்திருந்தாராம். கன்னி மூலை கதை காதுக்கு வந்ததும் வேறு ஆளைப் பார்க்கிறாராம். "அன்பு இப்போ குன்றத்தூர்ல யார்கிட்டயோ கூலிக்குப் போறானாம் சார். விடுங்க, நமக்கென்ன."

உமேஷ் அன்று சாப்பிடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுக்கவில்லை, நெஞ்சில் கல் உட்கார்ந்திருந்தது. சின்மயியிடம் சொன்னான். அவள் வெகுநேரம் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"ரெஜிஸ்ட்ரேஷன் முடியட்டும். அப்புறம் 'நல்லாப் பாத்தேன், பூச்சுதான்'னு சொல்லிடலாம்."

"அப்போ சொன்னா என்ன நெனைப்பாங்க?"

"இப்போ சொன்னா வீடு போயிடும் உமேஷ்." அவள் குரல் உடைந்தது. "பதினெட்டாவது வீட்டுக்கு என்னால முடியாது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோபப்பட அவனுக்கு யாருமே மிஞ்சவில்லை.

பதிவுக்கு முந்தைய ஞாயிறு, சாவிக்கொத்தில் எது எது எந்தக் கதவுக்கு என்று காட்ட பத்ரிநாராயணன் வரச்சொன்னார். வீடு பாதி காலியாகிவிட்டது. பரணும் காலி. படுக்கையறைத் தரையில் எத்திராஜ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி அப்படியே இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் கூசியது.

"ஒடையல" என்றார் பத்ரிநாராயணன். அவர் குரலில் கொஞ்சம் ஈரம் திரும்பியிருந்தது. "தெனம் வந்து பாக்கறான். காபி குடிடான்னா மாட்டேங்கறான்."

"மழ வரட்டும் சார். மழைல மண்ணு ஊறினாத்தான் தெரியும். கண்ணாடி ஒடையலன்னு நான் தப்பிச்சுக்க முடியாது. வெளியதான் வெடிச்சுகீதே." எத்திராஜ் உமேஷைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால்கூட உமேஷுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. படித்தவர் கண்ணை நம்பி நிற்கிற பார்வை. "சார், கோச்சுக்காதீங்க. இன்னொரு தபா வெளிய போயி, அந்த வெடிப்பு பெருசாச்சா, அப்டியே கீதான்னு பாத்துச் சொல்றீங்களா? எனக்கு ராத்திரி தூக்கம் வரல."

உமேஷ் போனான். வயிற்றை எக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தான். சுண்ணாம்பு சட்டையில் ஒட்டியது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தாண்டி மூலைக்கு வந்து நின்றான். பட்டப்பகல், டார்ச்சே வேண்டாம். மூக்குக்கு நேராக முப்பத்து மூன்று வருடத்துச் சுவர். பாசி படிந்திருந்தது, மழைத்தண்ணீர் வழிந்த கறை இருந்தது. வேறொன்றும் இல்லை.

மேலே வென்டிலேட்டர் வழியாக எத்திராஜின் குரல் வந்தது.

"சார், வந்துட்டீங்களா? நான் உள்ளேர்ந்து தட்டறேன். எந்த எடம்னு சொல்லுங்க. இங்கியா?"

சுவருக்குள்ளிருந்து டொக் என்று கேட்டது.

"இங்கியா சார்?"

இன்னும் கொஞ்சம் கீழே, டொக் டொக். உமேஷ் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தான். வழவழவென்று இருந்தது. ஒவ்வொரு தட்டலும் கையில் வந்து அதிர்ந்தது.

"சார்? இன்னா சார் தெரியுது?"