வரிசையில் முதல் ஆள்

கம்பெனியை மூடியதும் காவலாளிக்கு வேலை போயிற்று. பன்னிரண்டு வருஷம் கேட்டருகே நின்றவன். நிற்பதைத் தவிர வேறொன்றும் கைவரவில்லை. வீட்டிலிருந்த ஒற்றை அறையில், துண்டுத் துணிகளை வாங்கித் தலையணை உறை தைக்கும் மனைவியின் மிஷினுக்குப் பக்கத்தில் தூண் மாதிரி நின்றான். ஜன்னல் வெளிச்சம் மறைந்தது. ஊசி விரலில் ஏறியது.

"கொஞ்சம் வெளிய போய் நில்லுங்களேன்," என்றாள்.

தெருமுனையில் பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டர் முன்னால் போய் நின்றான். விறைப்பாக, கண் இமைக்காமல். நூல்கண்டு வாங்க அவள் அந்தப் பக்கம் வந்தபோது, அவனுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

"இங்க என்ன தர்றாங்க?" என்று கடைசி ஆளிடம் கேட்டாள்.

"தெரியலம்மா. ஆனா முன்னால நிக்கிறவரைப் பாருங்க. விஷயம் இல்லாமலா அப்படி நிப்பாரு?"

வீட்டுக்கு ஓடினாள். யாரும் சீண்டாமல் கட்டிலடியில் கிடந்த உறைகளை மூட்டையாகக் கட்டி வந்து ஷட்டர் முன் அவிழ்த்தாள். "ஆளுக்கு ரெண்டுதான்," என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் காசை நீட்டி மூன்று கேட்டுச் சண்டை போட்டார்கள்.

அன்று சாப்பிடும்போது அவன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "என்னை வச்சு ஊரை ஏமாத்துறியா?"

"நான் யாரையாவது கூப்பிட்டேனா? உங்களுக்குத் தெரிஞ்ச வேலையை நீங்க பாத்தீங்க. எனக்குத் தெரிஞ்சதை நான் பாத்தேன்."

அவன் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டான்.

ஆறு மாதத்தில் அவள் அந்தக் கடையையே வாடகைக்கு எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் அவளோடு உட்கார்ந்து தைத்தார்கள். அவர்களுடைய மூத்த மகள் நின்றுபோன படிப்பைத் தொடர்ந்தாள். மற்ற கடைக்காரர்களும் காவலாளியைக் கேட்டு வந்தார்கள். "மத்தியானத்துக்கு மேல கூட்டிட்டுப் போங்க. வெயில்ல நிறுத்தாதீங்க," என்று கண்டிஷன் போட்டு அனுப்பினாள்.

ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். படுத்துவிட்டான். அவள் ஷட்டரைத் தூக்கினாள். வாசலில் வழக்கம்போல வரிசை. ஆனால் முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவு இடத்தை விட்டுவிட்டு நின்றார்கள்.

"உள்ள வாங்க."

ஒருவரும் அசையவில்லை. "முதல் ஆள் இன்னும் வரலையே," என்றார் இரண்டாவதாக நின்ற பெரியவர்.

கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். நடக்கவில்லை. கடைசியில் கல்லாவை விட்டு இறங்கி, வெளியே வந்து, அந்த இடத்தில் விறைப்பாக நின்றாள். பிறகு நிதானமாக உள்ளே போய், தன்னிடமே விலை கேட்டு, பேரம் பேசித் தோற்று, ஓர் உறை வாங்கினாள்.

பெரியவர் திருப்தியாகப் படியேறினார்.