மருந்து முக்கினவன்

என் அண்ணன் நவநீதகிருஷ்ணன் என்னோடு பேசி மூன்று வருஷமாகியிருந்தது. எனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டேன், அதுதான் குற்றம். அப்பாவே மனம் இறங்கிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா?

எட்டயபுரத்தில் சித்தி மகள் கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கையடக்க வீடியோ கேமை எடுத்தேன். சின்ன வயதில் நானும் அண்ணனும் டிவியில் மாட்டி ஆடிய அதே தாவிக் குதிக்கும் விளையாட்டு, புது வண்ணம் பூசி உள்ளங்கைக்குள் வந்திருந்தது. வேண்டுமென்றே அண்ணனுக்கு முன்நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டினேன். அதே பழைய பாட்டு.

கோவில்பட்டியில் எங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். குச்சியை மருந்தில் முக்கினால்தானே பற்றும்? அதனால், விளையாட்டில் பூவைத் தின்று நெருப்பு வீசுகிறவனுக்கு 'மருந்து முக்கினவன்' என்று பேர் வைத்திருந்தோம். ஆடுகிற ரிமோட் ஒன்றுதான். செத்தால் அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் ஏமாற்றுகிற அண்ணன் அதில் மட்டும் ஏமாற்றியதில்லை.

கோட்டைக்கு முன்னால் அந்தப் பெரிய பள்ளம் வந்தது. எத்தனை நாள் எங்களை அழவைத்த பள்ளம்.

"ஏட்டி சுதா, அப்படியே போகாத. மொதல்ல மருந்து முக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பக்கத்தில் இருந்த சொந்தக்காரர் கடற்கரை அண்ணாச்சி பதறிப்போய், "யாருக்குப்பா மருந்து? பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்றார்.

மருந்து முக்கினேன். அந்தப் பள்ளத்தை இந்த வாரம் முழுக்கத் தாண்டியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டே தாண்டுவேன். ஆனால் தாண்டிவிட்டால் அண்ணன் பழையபடி ஊமையாகிவிடுவான். விளிம்பில் கட்டைவிரலை எடுத்தேன். ஆள் விழுந்தான்.

"செத்துட்டேன்," என்று கேமைப் பின்னால் நீட்டினேன்.

அவன் அதையும் என்னையும் பார்த்தான். "வேணும்னே விழுந்த."

"செத்தா செத்ததுதான். இப்ப ஒன் சான்சு, அண்ணே."

எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டான். அந்நேரம் பார்த்துப் பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

"நீங்க போங்க. நானும் தங்கச்சியும் அடுத்த பந்திக்கு வாரோம்," என்றான், தலையை நிமிர்த்தாமலே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பார்க்கவில்லை. பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான்.