இருநூற்று முப்பத்திரண்டாவது வாக்கு

ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் அறிக்கையை நான் முதல் நாளே எழுதிவிடுவேன். நாங்கள் குடியேறிய ஒனிஹங்காவில் கூடும் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஏழு வருடமாக இராசநாயகம் அண்ணைதான் தலைவர். 'ஏகமனதாகத் தெரிவானார்' என்ற வரியும் ஏழு வருடமாக மாறவில்லை. செயலாளருக்கு இதைவிட லேசான வேலை எங்கே கிடைக்கும்? "எதிர்ப்பவர்கள் ஆரும்?" என்று அவரே ஒரு பேச்சுக்குக் கேட்பார். பதிலுக்கு முன் வடைத் தட்டு வந்துவிடும்.

அந்த வருடம், 1995இல், நான் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு ஒரு பாடமாக எடுத்திருந்தேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பஸ்ஸில், அந்தப் பக்கத்தைப் படித்தேன். 1820. எதிர்க்கட்சி ஓய்ந்துபோய் நாடே ஒரே கட்சியின் கையில். மன்றோவை மறுபடி ஜனாதிபதியாக்க, மாநிலங்கள் அனுப்பிய தேர்வாளர்களில் இருநூற்று முப்பத்தொரு பேர் வாக்களித்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர்க்காரர் ஒருவர் மட்டும் வேறு பெயருக்குப் போட்டார். அவரை யாரும் சுடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். அவர் பெயரைப் புத்தகத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. விட்டு வந்த எங்கள் ஊரில் மாறிக் கதைத்தவர்களின் பெயரை, மின்கம்பத்தில் கட்டிச் சுட்ட உடம்பில் தொங்கும் மட்டையில்தான் பார்த்திருக்கிறேன். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதே தெரியவில்லை.

அண்ணை நல்லவர். அதுதான் சிக்கல். கொழும்பில் காத்திருக்கும் என் தம்பி நிமலனின் விசாவுக்குச் சங்கத் தலைவரின் கடிதம் தேவை. கூட்டம் முடிந்ததும் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். கூட்டத்தன்று கடிதம் என் அறிக்கைப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது.

"எதிர்ப்பவர்கள் ஆரும்?"

என் கை மேலே போயிருந்தது, பேனையோடு.

"என்ன பிள்ளை, பேனை முடிஞ்சுதோ?" அண்ணை சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினார்.

"இல்லை அண்ணை. நான் எதிர்ப்பு."

வடைத் தட்டு நடுவழியில் நின்றது.

"நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒண்டுமில்லை அண்ணை. ஏழு வருசமா ஒருத்தரும் மறுத்துச் சொல்லிப் பார்க்கேல்லை. அவ்வளவுதான்."

அண்ணை என் முன்னாலிருந்த அறிக்கைப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப எழுதுங்கோ. ஆரெண்டும் எழுதுங்கோ" என்றார்.

பேனையை நீட்டிய கையை அவர் இன்னும் மடக்கவில்லை. வாங்கினேன். 'ஏகமனதாக' என்பதை வெட்டிவிட்டு, 'ஒருவர் எதிர்ப்பு: கல்யாணி' என்று எழுதினேன். பாதி பயம், பாதி பிரமிப்பு. மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்திருக்க என் பெயரை நானே எழுதியிருக்கிறேன், கூரை இடிந்து விழவில்லை.

"என்ர பேனையைத் தாங்கோ."

கொடுத்தேன். அவர் அதன் மூடியைப் போடவில்லை. அறிக்கைப் புத்தகத்தின் கீழே கடிதத்தின் ஒரு முனை வெளியே தெரிந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்தார்.