முறை வராத புரோகிராம்

நூற்றுக்கு நான்கு குறைந்தது என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரம் நின்று இதயத்துடிப்பைக் கோடாக வரைகிற மானிட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுவது எங்கள் பிழைப்பு. அதற்குள் ஒரே பிராசஸருக்காகப் பத்துப் பன்னிரண்டு புரோகிராம்கள் முட்டி மோதும். அடுத்து யார் முறை என்று முடிவு செய்கிற ஷெட்யூலர் என் பொறுப்பு. இரண்டு வருடம் முன்பு அதைத் திருத்தி வேகமாக்கியதற்குக் கொடுத்த கேடயம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. இப்போது புதிய பதிப்பு நான்கு சதவீதம் மெதுவாக வரைகிறதாம்.

பழைய பதிப்புக்கும் புதியதற்கும் நடுவே ஐநூற்றுப் பன்னிரண்டு மாற்றங்கள். பாதியாகப் பிரித்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி பாதியாக்கி, ஒன்பதாவது தடவை கையும் களவுமாகப் பிடித்தேன். எதிர் மேஜை நெட்டையின் வேலை. ரொம்ப நேரம் காத்திருக்கும் புரோகிராமுக்குக் கட்டாயம் ஒரு முறை கொடு என்று நான்கு வரி சேர்த்திருந்தான்.

அன்றைக்கு மனசு வேறு சரியில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அக்காவுக்கு விசாரணை. அவள் நர்ஸ். போன மாதம் ஒரு நோயாளியை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது எங்கள் மானிட்டர் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். "அது கத்தவே இல்லடி" என்று அக்கா அழுதாள். எச்சரிக்கைச் சத்தத்தை அவள்தான் அமுக்கி நிறுத்தினாள் என்றது ஆஸ்பத்திரி, வேலையே போய்விடும். மென்பொருளில் குறையில்லை என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். சார்ஜ் குறைந்தால் கத்த வேண்டிய பேட்டரி புரோகிராமைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காகக் கத்தியது. சொந்தம் என்று சலுகை காட்டினேன் என யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பும் இருந்தது.

நான்கு சதவீதக் கணக்கைக் கொடுத்ததும் நெட்டைதான்; நானும் அவன் சோதனையைத்தான் ஓட்டியிருந்தேன். அவன் அளந்த விதத்தைப் பார்த்தேன். அளவு சுத்தமாக வர, வரைவதைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டுத்தான் அளப்போம். வருஷக்கணக்கான வழக்கம்.

"ஏன்டா, பேட்டரி புரோகிராமை நிறுத்தாமலா அளந்தே?" என்று பொரிந்து தள்ளினேன்.

"மறந்துட்டேன் மேடம்."

"அந்த நாலு சதவீதம் அது தின்னதுதான். ஒரு வாரமா என்னை அலைய விட்டுட்டியே!"

அவன் தலையைச் சொறிந்தான். "பழைய பதிப்பையும் அது ஓடுறப்பதான் அளந்தேன். அதுல மட்டும் ஏன் வேகம் குறையல?"

கூட ஒன்று ஓடியும் துளி குறையவில்லை என்றால், அது ஓடவே இல்லை.

பழைய பதிப்பில் எது எப்போது ஓடியது என்ற பதிவைத் திரையில் விரித்தேன். மானிட்டரால் ஒரே சமயத்தில் வரைய முடிந்த ஆறு கோடுகளையும் வரைந்த நேரம் முழுவதும் பேட்டரிக்கான வரி வெறுமையாகக் கிடந்தது. நாற்பத்தொரு நிமிடம். ஒரு தடவைகூட அதற்கு முறை வரவில்லை. ஆறு கோடும் அக்கா தள்ளிக்கொண்டு போனவரைப் போல உயிருக்கு ஆபத்தான நோயாளிக்குத்தான் போடுவார்கள். வரைகிற புரோகிராம் எப்போது வந்தாலும் வரிசைக்கு முன்னால் போய் நிற்கலாம் என்று அனுமதித்தது என் திருத்தம். கேடயம் வாங்கிய அதே திருத்தம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணி ஒன்றரை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உள்ளே போயிடாதே. அது கத்தலதான். தப்பு என்னோடது. ஆதாரம் கொண்டு வரேன்."

"காலையிலேயே வரச் சொல்லிட்டாங்கடி. முடிஞ்சிடுச்சு."

"என்ன சொன்னே?"

"சத்தத்தை நான்தான் நிறுத்தினேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"நீ நிறுத்தலையேக்கா!"

"கடிதத்துல உன் கையெழுத்தைக் காட்டினாங்க. என் தங்கச்சி பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு யோசிச்சு யோசிச்சு, பட்டனை அமுக்கின மாதிரியே ஞாபகம் வந்துடுச்சு. எந்த விரலால அமுக்கினேன்னுகூட எழுதியிருக்கேன்."

"அங்கேயே இரு" என்றேன். பதிவை அச்செடுத்து, கடிதத்தில் போட்ட அதே கையெழுத்தை அதன் கீழே போட்டுக்கொண்டு ஓடினேன்.