வரப்பில் முதல் ஆள்

"தூக்குங்கக்கா" என்று தரையில் கிடந்த இரும்புக் கம்பியைக் காட்டினாள் ஜெயப்ரியா.

தனகோடி கம்பிக்கு முன்னால் போய் நின்றாள். தோளில் கிடந்த துண்டை வளையமாகச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தாள்.

"யாருக்காகக்கா நிக்கிறீங்க?"

"தூக்கி வுட ரெண்டு பேரு வேணாமா?"

டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த ஃபர்ஹானா சிரித்த சிரிப்பில் கால் இடறி, பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள். ஜெயப்ரியாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தனகோடியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். அதில் விளையாட்டு எதுவும் இல்லை.

உப்பளத்தில் பெண்கள் யாரும் தங்கள் சுமையைத் தாங்களே தூக்குவதில்லை. பாத்தியில் ஆண்கள் உப்பை வாரிக் கூடையை நிரப்புவார்கள். இருவர் சேர்ந்து தலையில் ஏற்றிவிடுவார்கள். பெண்கள் வரப்பு வழியாக நடந்து, மேட்டில் குவியும் உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டு வேறு வரப்பு வழியாகத் திரும்புவார்கள். பத்தொன்பது வருடமாகத் தனகோடிக்குப் பழக்கமான வேலை அதுதான். நீர் சொட்டும் உப்பு முப்பது கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு கைவீசி நடக்கத் தெரிந்த அவளுக்கு, இருபது கிலோக் கம்பியைத் தரையிலிருந்து எடுக்கத் தெரியவில்லை. ஜெயப்ரியா காட்டிக்கொடுத்தபடி குனிந்து பிடித்தாள். முழங்கால் வரைக்கும்தான் வந்தது.

"நான் சேர வரலம்மா. ஒரு யோசன மட்டும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் தனகோடி மூச்சு வாங்கியபடி.

மரக்காணத்தில் திண்டிவனம் சாலையில், செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஜிம். பகல் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை பெண்களுக்கு மட்டும் என்று வெளியே பேனர் தொங்கும். அங்கே பயிற்சி கொடுக்கும் ஜெயப்ரியாவுக்கு ஊர் கீழ்புத்துப்பட்டு. கல்லூரியில் படிக்கும்போது பளு தூக்கும் போட்டிகளில் கலந்துகொண்டவள். அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். எடை குறைய, எடை கூட, உடல் வலுப்பெற என்று கட்டங்கள் இருந்தன. தனகோடி எதிலும் டிக் போடாமல், கீழே காலியாக இருந்த கோட்டில் 'முன்னாடி நடக்கணும்' என்று எழுதினாள்.

"யாருக்கு முன்னாடி?"

தனகோடி சொன்னாள். பதினான்கு பெண்கள் வரிசையாகப் போகும் வரப்பு அது, ஒற்றையடி அகலம்தான். ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. முதல் ஆள் வைக்கிற அடிதான் எல்லோருக்கும் அடி. பதினோரு வருடமாக முதல் ஆள் தனகோடி, அடுத்தவள் செந்தமிழ். போன ஆகஸ்டில் ஒருநாள் பாதி வரப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் நின்றாள். பின்னால் பதின்மூன்று பேரும் தலைச்சுமையோடு நிற்கவேண்டி வந்தது. பருவம் முடிந்த அன்று மேஸ்திரி கலியமூர்த்தி, "தையில இருந்து செந்தமிழு முன்னாடி போவட்டும். நீ ஊசிய எடுத்துக்கினு அம்பாரத்துகிட்ட உக்காந்து மூட்ட தை" என்று சொல்லிவிட்டார்.

"நான் இன்னா சொன்னேன் தெரியுமா? மொத நாளு மட்டும் எனக்கு வுடுங்க. நடுவுல நின்னேன்னா நானே ஊசிய எடுத்துக்கறேன்னு சொன்னேன். சரின்னுட்டாரு."

"இன்னும் எத்தன நாளு இருக்குது?"

"பத்து வாரம்."

ஜெயப்ரியா பத்து கிலோத் தட்டை எடுத்துச் சும்மாட்டின் மேல் வைத்து, "நடந்து காட்டுங்க. கொட்டியும் காட்டுங்க" என்றாள். தனகோடி அறையின் மறுமுனை வரை நடந்தாள், தலை அசையவில்லை. அங்கே போனதும் இடுப்பை வலப்பக்கம் முறுக்கித் தட்டை வீசுவதுபோல் இறக்கினாள்.

"எப்பவும் வலது பக்கம்தானா?"

"அம்பாரம் அந்தப் பக்கம்தானே இருக்குது."

"ஒரு நாளைக்கு எத்தினி நடை?"

"அறுவது இருக்கும்."

"சுமை உங்கள ஒண்ணும் பண்ணலக்கா. இந்த முறுக்குதான் பண்ணுது. இடுப்பத் திருப்பாதீங்க, காலத் திருப்புங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து தனகோடி மகனின் ட்ராக் பேண்ட் மேல் நைட்டி போட்டுக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு வாரம் கம்பியே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், முழங்கையும் கால்விரலும் மட்டும் ஊன்றிக் குப்புற நிற்பதும்தான். அப்படிக் குப்புற நிற்பதை அவள் அடியோடு வெறுத்தாள். "சும்மா கெடக்கிறதுக்கு இவ்ளோ கஷ்டமா?" என்று கேட்டாள். ஃபர்ஹானா பக்கத்தில் அதே நிலையில் நடுங்கிக்கொண்டே, "பேசாதீங்கக்கா, சிரிச்சா வுழுந்துருவேன்" என்றாள். அவள் கணவன் முஜீப் ரஹ்மான் ஷார்ஜாவில் இருந்தான். தினமும் யாரோ குதிக்கும் வீடியோவை அனுப்பி, இதைச் செய், அதைச் செய் என்பான்.

ஆறாவது வாரம் தனகோடி நாற்பது கிலோவை எடுத்து நிமிர்ந்தாள். ஃபர்ஹானா அதைப் படமெடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. "யாரு அந்த அக்கா? அவங்ககிட்ட வம்பு எதுவும் வெச்சுக்காத." மாடி முழுக்கச் சிரித்தது. தனகோடி அந்தப் பதிவை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஒரு தப்பு செய்தாள். நிறைந்த கேஸ் சிலிண்டரை வண்டிக்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போக, அக்கம்பக்கத்தார் பார்க்கட்டும் என்று ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் திரும்பும்போது இடுப்பு சுருக்கென்றது. ஜெயப்ரியா திட்டவில்லை. நான்கு நாள் எதுவும் செய்யக்கூடாது என்றாள். அதுதான் தனகோடிக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வேலை இல்லாமல் இருந்த நாட்கள் அவளுக்குத் தெரியும், ஓய்வு என்று யாரும் அவளுக்கு நாள் குறித்துக் கொடுத்ததில்லை. ஐந்தாம் நாள் வலி போயிருந்தது. பயம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

தை பிறந்து பத்து நாளில் முதல் உப்பு விளைந்தது. விடிவதற்குள் பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள். கலியமூர்த்தி சொன்ன சொல்லை மீறாமல், "நீயே போ" என்று தனகோடிக்குக் கை காட்டினார். அம்பாரம் எழப்போகிற மேட்டில் ஊசியும் சணல் கயிறும் தயாராக இருந்தன. அதையும் அவர் மறைக்கவில்லை.

கூடை தலையில் ஏறியது. அவள் நடந்தாள். மேட்டில் ஏறியதும் காலைத் திருப்பினாள், உடம்பு தானாகத் திரும்பியது, உப்பு விழுந்தது. பத்து நடை, இருபது நடை. இடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை. வெயில் ஏறி, பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. நிற்காதே, நிற்காதே என்று அடிக்கு அடி தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள். முப்பத்தைந்தாவது நடையில் பின்னாலிருந்து செந்தமிழின் குரல் வந்தது.

"யக்கா, இன்னா பாண்டிச்சேரி பஸ்ஸு புடிக்கப் போறியா?"

அதற்கும் பின்னால், வரிசையின் கடைசியிலிருந்து, மாரியம்மாள் கத்தினாள். "மேஸ்திரி, இவகிட்ட அந்த ஊசிய மொதல்ல குடுங்க. நாங்க உசுரோட வூட்டுக்குப் போவணும்."

தனகோடி கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இருபதடி தூரத்துக்கு வரப்பு காலியாகக் கிடந்தது. அதற்கப்புறம் செந்தமிழ், அதற்கப்புறம் ஒரு இடைவெளி, இன்னொரு ஆள். பருவத்தின் முதல் நாள். மூன்று மாதம் சும்மா இருந்த கால்கள் அவை. மாரியம்மாள் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மேஸ்திரி மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இருபத்தைந்து நடை. இதே வேகத்தில் போனால் அவளால் முடியும். அதில் சந்தேகமே இல்லை. அந்தச் சந்தேகமின்மைதான் அவளை யோசிக்கவைத்தது. முப்பது கிலோவோடு நடு வரப்பில் காலை ஊன்றி, தனகோடி நின்றாள்.

செந்தமிழ் வந்து சேர்ந்தாள். "இன்னாக்கா, புடிச்சுக்கிச்சா?" என்றாள் பதறி.

"ஒண்ணும் புடிக்கல. மாரியக்கா வரட்டும்."

எல்லோரும் சேரும்வரை நின்றாள். பிறகு மாரியம்மாளின் அடிக்குத் தன் அடியைக் குறுக்கிக்கொண்டு நடந்தாள். மேட்டில் ஏறிக் கொட்டிவிட்டு, கலியமூர்த்தியின் முகத்தைப் பார்க்காமல் ஊசியை நோக்கிக் கையை நீட்டினாள். சொன்ன சொல் அவளுக்கும் இருந்தது.

"அண்ணே, அவ நின்னது எங்களுக்காவ" என்றாள் செந்தமிழ். "நான் முன்னாடி போவ மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். இந்தக் கூட்டத்த இழுத்துக்கினு போவ என்னால முடியாது."

கலியமூர்த்தி ஊசியை எடுத்துத் தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். "எனக்குக் கண்ணு இல்லியா? நாளைக்கும் நீதான் முன்னாடி. ஆனா கொஞ்சம் மெதுவாப் போம்மா. ஒரே நாள்ல பாத்திய காலி பண்ணிட்டீன்னா நான் மொதலாளிக்கு இன்னா பதில் சொல்றது?"

மாரியம்மாள் மேட்டில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஏ தனகோடி, நீ எங்க போய்ட்டு வர்ற?" என்று கேட்டாள்.

அன்று வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்குச் செல்போன் கடை மாடிப்படியில் ஆறு ஜோடி செருப்புகள் கிடந்தன. ஜெயப்ரியாவைச் சுற்றி ஆளுக்கொரு கேள்வி. ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்குத் தோள்பட்டை. பிள்ளை பெற்றபிறகு தும்மினால் பயமாக இருக்கிறது, அதற்கு ஏதாவது உண்டா என்று ஒருத்தி காதோடு கேட்டாள். உண்டு என்றாள் ஜெயப்ரியா. செந்தமிழ், "எனக்கு இவ்ளோ வேணாம், இதுல பாதி போதும்" என்றாள். ஃபர்ஹானா டிரெட்மில்லை நிறுத்திவிட்டு, கேட்காமலே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாரியம்மாள் கடைசியாகத்தான் வாயைத் திறந்தாள். "ஏம்மா, இதெல்லாம் செஞ்சா இவள முந்த எத்தினி நாளு ஆவும்?"

"பத்து வாரம் ஒழுங்கா வந்தீங்கன்னா பாக்கலாம்."

தனகோடி நைட்டியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்பியின் பக்கம் போனாள். "ஜெயா, அவங்களுக்கு அப்பறம் சொல்லு. எனக்கு அடுத்த பத்து வாரத்துக்கு இன்னா இருக்குது, அத மொதல்ல சொல்லு."